நீலக் குடையும் மேகமும்

"நீலக் குடை… அங்கேர்ந்து கொஞ்சம் நகருங்க."

குரல் வானத்திலிருந்து வந்தது.

அவள் திடுக்கிட்டு அண்ணாந்தாள். குடை விளிம்பிலிருந்து ஒரு சொட்டு, விழுவதற்கு வேறு இடமே கிடைக்காதது போல, சரியாக அவள் கண்ணுக்குள் விழுந்தது. கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். மழை… மழைக்கு மேலே மஞ்சள் கிரேன்… அதன் உச்சியில் ஒரு கண்ணாடிக் கூண்டு.

"உங்களத்தான். கொக்கிக்கு நேர் கீழ நிக்கிறீங்க. நல்ல குடை… அநியாயமாப் போயிடும்."

ஒலிபெருக்கியில் சொன்னதால் கட்டிடத்தின் ஒவ்வொரு மாடியிலிருந்தும் ஒரு தலை எட்டிப் பார்த்தது. யாரோ சிரித்தார்கள். அவளுக்குக் காது மடல் சூடானது. குடையைப் பற்றி இவ்வளவு கரிசனம்… குடைக்குக் கீழே ஒரு ஆள் நிற்பது இந்த மகானுபாவருக்குத் தெரியவில்லையா?

தப்பு அவள்மேல்தான், அது வேறு விஷயம். அவள் வேலை பார்க்கும் ஆராய்ச்சிக் கூடம் பக்கத்துக் கட்டிடத்தில் இருந்தது. புதுக் கட்டிடம் எழும்பும் இந்த இடத்துக்குள் முன்வாசல் வழியாக வர வேண்டியவள், மழையைச் சாக்கிட்டுப் பின்வாசலில் புகுந்துவிட்டாள். நெஞ்சோடு அணைத்திருந்த பெட்டி நனையாமல் இருந்தால் போதும் என்று நடந்ததில், தான் எங்கே நிற்கிறோம் என்று பார்க்கவில்லை.

பெட்டிக்குள் அவளுடைய பல வருட உழைப்பு இருந்தது. நெஞ்சில் கட்டிக்கொள்ளும் ஒரு பட்டை. மனிதன் மயங்கி விழுவதற்குச் சற்று முன்பே அவன் உடம்புக்கு அது தெரிந்துவிடும். இதயத்தின் துடிப்பு தாளம் மாறும், நரம்புகள் தோலை வியர்க்க வைக்கும். அவனுக்குத்தான் கடைசியில் தெரியும். அவனுக்குத் தெரிவதற்கு முன் பட்டைக்குத் தெரிந்து, பட்டை கூவி எச்சரித்தால்? உயரத்தில் உட்கார்ந்து வேலை செய்கிற எத்தனையோ பேர் பத்திரமாக இறங்கி வீட்டுக்குப் போவார்கள். அதை முதலில் ஒரு கிரேன் ஓட்டுநரிடம் சோதித்துப் பார்க்க ஏற்பாடாகியிருந்தது.

"அந்த ஓட்டுநருக்குக் காய்ச்சலும்மா," என்றார் சைட் மேனேஜர். "கவலப்படாதீங்க, இன்னொரு ஆள் இருக்கார். மேகம்னு கூப்பிடுவோம். தரையில காலு பாவுறதே கம்மி."

முதலில் பூட்ஸ் தெரிந்தது. பிறகு ஏணியில் மாறி மாறி இறங்கிய முழங்கால்கள்… ஈரச் சட்டை… கடைசியாக முகம். இறங்கி வந்தவன் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தான்.

அந்தக் கண்கள்… தூரத்தையே பார்த்துப் பழகிய கண்கள். எதிரில் நிற்பவளையும் அடிவானத்தில் நிற்பவளைப் பார்ப்பது போல, அவசரமே இல்லாமல், நிதானமாகப் பார்த்தன. கண்ணிமையில் ஒரு மழைத்துளி விழவா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. அவள் ஏன் அந்தத் துளியைக் கவனித்தாள்? அதெல்லாம் அவளைக் கேட்டால் சொல்லமாட்டாள்.

"நீங்கதானா அந்த மைக்கு?"

"நீங்கதானா அந்தக் குடை?"

"இத்தன பேர் முன்னாடி அப்படிச் சொல்லணுமா?"

"பக்கத்துல வந்து காதோட சொல்லலாம்னுதான் பாத்தேன்… நான் எறங்கி வர்றதுக்குள்ள கொக்கி எறங்கிடுமே, மேடம்."

பதில் சொல்ல வாயெடுத்தாள். வரவில்லை. ஆராய்ச்சிக் கூட்டங்களில் கேள்விக்கு மேல் கேள்வி கேட்டு அடுத்தவரை வியர்க்க வைப்பவளுக்கு, ஒரு கிரேன்காரரிடம் வாய் அடைத்துப்போனது. அந்தக் கோபத்தோடுதான் அவனை ஆராய்ச்சிக் கூடத்துக்கு அழைத்துப் போனாள்.

அங்கே ஒரு சாய்படுக்கை உண்டு. ஆளைப் படுக்க வைத்து, வார்களால் கட்டி, படுக்கையை மெல்ல நிமிர்த்தி நிற்க வைப்பார்கள். நிமிரும்போது ரத்தம் கால்களை நோக்கி இறங்கும். தலைக்கு ரத்தம் குறையாமல் இருக்க நரம்புகள் கட்டளையிட, இதயம் கொஞ்சம் வேகமெடுக்கும். ஆரோக்கியமான எந்த இதயமும் அப்படித்தான் செய்யும். அது எப்படி வேகமெடுக்கிறது, எப்படி அடங்குகிறது என்பதுதான் சோதனை.

அவள் திரைக்குப் பின்னால் போய், வழக்கப்படி ஒரு சோதனைப் பட்டையைத் தன் நெஞ்சில் மாட்டி, கணினியில் கோடு வருகிறதா என்று பார்த்தாள். வந்தது. ஈரத் துப்பட்டாவைப் பிழிந்து, மேலே வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தபோது, உதவியாளர் அவனுக்குப் பட்டை கட்டிப் படுக்க வைத்திருந்தார். கழுத்தில் எப்போதும் ஏதாவது கம்பி தொங்கும் மனிதர் அவர். கூடம் முழுக்க அவருக்கு வயர் என்றே பெயர்.

"ரெடியா? பயப்படாதீங்க," என்றாள் அவனிடம்.

"படுக்கச் சொல்லிட்டு பயப்படாதேங்கறீங்க. நான் எங்க வேணா தூங்கிடுவேன், மேடம்… உங்க செடிதான் பாவம்."

"எந்தச் செடி?"

"உங்க ஜன்னல்ல இருக்கறது. மேலேர்ந்து தெரியும். கொஞ்ச நாளா வாடிட்டு நிக்குது. தண்ணி ஊத்துறதில்லையா?"

அவள் கையிலிருந்த பேனா நழுவியது. படுத்தபடியே கையை நீட்டி அதைப் பிடித்தவன், திருப்பிக் கொடுத்தபோது விரல் விரலில் பட்டது. ஒரு நொடிதான்… 

திரையில் கோடு குதிரையாகப் பாய்ந்தது. பீப் பீப் பீப் என்று கணினியிலிருந்து பட்டையின் எச்சரிக்கை கூடத்தையே கூட்டியது. ஓடி வந்தார் வயர். அவள் திகைத்துப்போய் அவன் முகத்தைப் பார்த்தாள். அதில் ஒரு சலனமும் இல்லை. பாவம்… உள்ளே இவ்வளவு பயத்தை வைத்துக்கொண்டு வெளியே வீறாப்பு காட்டுகிறான் என்று நினைத்தாள்.

சோதனை முடிந்ததும் மெல்லச் சொன்னாள். "பயமா இருந்தா சொல்லலாம். வெக்கப்பட இதுல ஒண்ணுமில்ல."

"பயமா… எனக்கா?" அவன் சிரித்துவிட்டான். "மேடம், நான் மத்தியான சாப்பாடு சாப்பிடுறதே அங்க உக்காந்துதான்."

"எச்சரிக்கை மறுபடி மறுபடி வந்திருக்கு. விதிப்படி உங்க மேனேஜர்கிட்ட சொல்லியாகணும். குழு கூடி முடிவு பண்ற வரைக்கும் நீங்க மேல ஏறக்கூடாது."

சிரிப்பு நின்றது.

"நான் நல்லாத்தாங்க இருந்தேன்."

"கருவி பொய் சொல்லாதுங்க."

"அப்ப நான் சொல்றேன்."

"நான் அப்படிச் சொல்லல."

"சொல்லிட்டீங்க, மேடம்."

ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டான். கதவை அறைந்து சாத்தியிருந்தாலாவது அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். சத்தமே இல்லாமல் சாத்திவிட்டுப் போனான்.

மறுநாள் ஜன்னலில் நின்று பார்த்தாள். கூண்டில் வேறு யாரோ. அவன் தரையில், சேற்றுக்குள், இரும்புக் கம்பிகளைக் கட்டாகக் கட்டிக் கொக்கியில் மாட்டிக்கொண்டிருந்தான். மாட்டிவிட்டு ஒவ்வொரு முறையும் அண்ணாந்து பார்த்தான். அவள் ஜன்னலை அல்ல… கூண்டை. அவள் செடிக்குத் தண்ணீர் ஊற்றினாள். வேறென்ன செய்வது என்று தெரியவில்லை.

மாலையில் மனசு கேட்காமல் புதுக் கட்டிடத்தின் வாசலுக்கே போய்விட்டாள்.

"எப்படி இருக்கீங்க?"

"தரையும் நல்லாத்தான் இருக்கு, மேடம். என்ன… எல்லாரும் ரொம்பக் கிட்டத்துல இருக்காங்க."

"கோவமா?"

"உங்க மேல என்ன கோவம்… உங்க வேலைய நீங்க பாத்தீங்க." அவன் கையுறையை உதறினான். "அம்மாகிட்ட இன்னும் சொல்லல. எம்பையன் வானத்துல வேல பாக்கறான்னு தெருவெல்லாம் சொல்லி வச்சிருக்காங்க. அவங்ககிட்ட போய் எறக்கி விட்டுட்டாங்கன்னு எப்படிச் சொல்றதுன்னுதான்…"

அவன் நிமிர்ந்து அவளைப் பார்க்கவே இல்லை. குடை விரித்திருக்கிறோமா என்று கூடத் தெரியாமல் அவள் மழையில் நடந்து வீடு வந்தாள்.

ஆராய்ச்சிக் கூடத்தின் தலைவி, எல்லாருக்கும் பெரிய மேடம், சுற்றி வளைக்கத் தெரியாதவர். "ரெண்டே வழிதாம்மா. ஒண்ணு, அந்தப் பையன் கூண்டுக்கு லாயக்கில்ல. இல்லன்னா உன் பட்டை லாயக்கில்ல. திங்கக்கிழம குழு கூடுது. அவர் வேலைக்காகப் பாத்தா உன் ஆராய்ச்சிய மூட்ட கட்டிடலாம். உன் ஆராய்ச்சி வேணும்னா அவர் இனி கூண்டுல ஏற முடியாது. எதுன்னு நீயே சொல்லு."

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையிலும் அவள் அதையேதான் புலம்பினாள். அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது.

"அந்தக் கிரேன்காரர் பேச்சில்லாம உனக்கு ஒரு வாய் உள்ள எறங்கலையே, என்னடி விஷயம்?"

"விஷயமெல்லாம் ஒண்ணுமில்ல. ஆராய்ச்சி."

"ஆராய்ச்சிக்கா கன்னம் செவக்குது?"

அவள் தட்டை நகர்த்திவிட்டு மடிக்கணினியைத் திறந்தாள். சோதனையின் வீடியோவும் துடிப்பின் கோடும் பக்கத்துப் பக்கத்தில் ஓடின. எத்தனை முறை பார்த்தது… ஆனால் இதுவரை எச்சரிக்கை கூவிய இடங்களை மட்டும்தான் பார்த்திருந்தாள். இந்த முறை முதலிலிருந்து பொறுமையாகப் பார்த்தாள்.

படுக்கை நிமிர்கிறது. அவன் நேராக நிற்கிறான்.

கோடு… அசையவே இல்லை.

மறுபடி ஓட்டினாள். படுக்கை நிமிரும்போது இதயம் வேகமெடுத்தே ஆகவேண்டும். எந்த இதயமும். அசையவில்லை என்றால் ஒரே ஒரு அர்த்தம்தான்… இந்த இதயம் அந்தப் படுக்கையிலேயே இல்லை.

"அப்ப இது யாரோடதுடி?" என்றாள் அக்கா, பின்னாலிருந்து எட்டிப் பார்த்து.

கழுத்தில் மாட்டிய அடையாள அட்டையோடு வீடு வரை வந்துவிடுவார்களே, அதுபோல அந்தக் கூடத்தில் சோதனைப் பட்டையோடு வீட்டுக்கு வருவதும் சகஜம். அன்று மாலை ஈர உடையை மாற்றும்போது அதைக் கழற்றிப் பைக்குள் போட்டது நினைவுக்கு வந்தது. அப்போது அதைப் பற்றி யோசிக்கக்கூட இல்லை. கணினி ஒரு நேரத்தில் ஒரு பட்டையைத்தான் கேட்கும். முதலில் பேசியதையே கடைசி வரை கேட்டுக்கொண்டிருக்கும். முதலில் பேசியது அவள் மாட்டியிருந்தது. அவன் பட்டை சும்மா மினுக்கிக்கொண்டிருந்திருக்கிறது, அவ்வளவுதான்.

செடியைப் பற்றி அவன் சொன்ன இடத்தில் ஒரு பாய்ச்சல். பேனாவைக் கொடுத்த இடத்தில் ஒரு பெரிய பாய்ச்சல்.

அது அவளுடைய இதயம்.

"ஐயோ… அக்கா," என்று முகத்தைப் பொத்திக்கொண்டாள். அக்கா திரையைப் பார்த்தாள், தங்கையைப் பார்த்தாள், தட்டைத் திரும்ப அவள் பக்கம் நகர்த்தினாள்.

திங்கட்கிழமை. சாய்படுக்கையைச் சுற்றிக் குழு உட்கார்ந்திருந்தது. பெரிய மேடம், சைட் மேனேஜர், குழுத் தலைவரான நரைத்த டாக்டர் ஒருவர். ஓரமாக, கையில் ஹெல்மெட்டோடு அவன். தீர்ப்புக்கு வந்தவன் போல ஷூவையெல்லாம் துடைத்திருந்தான்.

"தப்பு இவர்மேலயும் இல்ல, பட்டைமேலயும் இல்ல," என்று ஆரம்பித்தாள். "நான் பண்ண தப்பு. என் சோதனைப் பட்டைய கழட்ட மறந்துட்டேன். நீங்க பாத்தது இவரோட துடிப்பு இல்ல. படுக்கை நிமிர்ற எடத்த பாருங்க."

பார்த்தார்கள். நரைத்த டாக்டர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இப்பவே மறுபடி சோதிக்கலாம். என் பட்டை உங்க கையில இருக்கட்டும், மேடம்." பெரிய மேடத்தின் உள்ளங்கையில் அதை வைத்தாள்.

அவன் படுத்தான். வயர் வார்களைப் பூட்டினார். படுக்கை மெல்ல நிமிர்ந்தது… திரையில் கோடு லேசாக ஏறியது, கொஞ்ச நேரம் ஓடியது, பிறகு நல்ல பிள்ளையாக அடங்கி, ஆற்றுத் தண்ணீர் மாதிரி ஒரே சீராகப் போனது. குறை சொல்ல ஒரு இடம் இல்லை.

"இந்த மாதிரி இதயம் எனக்கு இருந்தா நானே கிரேன் ஓட்டப் போயிடுவேன்," என்றார் நரைத்த டாக்டர். மேனேஜர் சிரித்தார். "நாளைக்கே மேல ஏறுப்பா, மேகம்."

அவன் கண்ணை மூடித் திறந்தான். அந்த ஒரு பெருமூச்சுக்காக இன்னும் எத்தனை தப்பு வேண்டுமானாலும் ஒப்புக்கொள்ளலாம் போல அவளுக்கு இருந்தது.

"சரி, இவர் தப்பிச்சார். உங்க பட்டை?" நரைத்த டாக்டர் அவள் பக்கம் திரும்பினார். "நீங்க படுக்கையில இல்ல, உயரத்துல இல்ல, நாற்காலியில சும்மா உக்காந்திருந்தீங்க. அதுக்கு எதுக்கு இந்த அலறல்? காரணமே இல்லாம அலறுற பட்டைய யாரும் கட்டிக்க மாட்டாங்க."

மழையில் நனைந்தேன், குளிரில் நடுங்கினேன் என்று சொல்லலாம். நம்பிவிடுவார்கள். ஆனால் ஈரத்துக்கே கூவுகிற பட்டை என்று எழுதிவிடுவார்கள். இத்தனை வருட உழைப்பு பெட்டிக்குள் போய் மூடிக்கொள்ளும். உண்மையைச் சொன்னால்? பட்டை பிழைக்கும்… அவள் மானம் போகும். அதுவும் அவன் முன்னால், வார்களால் கட்டப்பட்டு, ஓடிப்போகக்கூட முடியாமல் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறவன் முன்னால்.

நாலு பேர் முன்னால் சொல்லக்கூடிய விஷயமா இது? அவள் ஒருமுறை ஜன்னலைப் பார்த்தாள். செடியில் ஒரு புதுத் துளிர் விட்டிருந்தது.

"காரணம் இருந்துச்சு, சார்."

"என்ன காரணம்?"

"என் செடி வாடுறத இவர் கவனிச்சிருக்கார்னு சொன்னப்ப ஒரு தடவ எகிறிச்சு. பேனாவ குடுத்தப்ப… இன்னொரு தடவ." தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னவள், மெல்லத் தலை நிமிர்ந்து அவனையே பார்த்தாள். "எனக்கு இவரப் பிடிச்சிருக்கு. அன்னைக்கு அது எனக்கே தெரியாது. என் நரம்புக்குத் தெரிஞ்சிருக்கு, இதயத்துக்குத் தெரிஞ்சிருக்கு. இந்தப் பட்டைய எதுக்காகப் பண்ணேன்? ஆளுக்குத் தெரியறதுக்கு முன்னாடி அதுக்குத் தெரியணும்னுதான். தெரிஞ்சிருக்கு. பட்டை பொய் சொல்லல."

வயர் கழுத்துக் கம்பியை முறுக்கிக்கொண்டு கூரையைப் பார்த்தார். இவ்வளவுதான், எல்லாம் முடிந்தது என்று அவள் நினைத்த அந்த நொடியில்…

பீப்.

திரையில் ஆறு கரையை உடைத்துக்கொண்டிருந்தது. ஏறியது, ஏறிக்கொண்டே இருந்தது. பீப் பீப் பீப் என்று பட்டை ஊரைக் கூட்டியது. பெரிய மேடம் தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். சோதனைப் பட்டை விளக்கு அணைந்து சமர்த்தாக அங்கேயே கிடந்தது.

"இது என் கையில இருக்கு," என்றார் நிதானமாக. "அப்ப அது யாரோடது?"

எல்லாரும் படுக்கையைப் பார்த்தார்கள். எந்த உயரத்திலும் அசையாதவன், கல் போல நின்றவன், காது வரை சிவந்துபோய் நின்றான்.

"என்னோடதுதாங்க," என்றான். தூரத்தையே பார்த்துப் பழகிய அந்தக் கண்கள் இப்போது வெகு கிட்டத்தில் பார்த்தன. "மேலேர்ந்து பாத்தா ஆளு தெரியாது, குடைதான் தெரியும். தெனம் காலையில அந்த நீலக் குடை உள்ள போறத பாத்துட்டுத்தான் நான் முதல் பாரத்தையே தூக்குவேன்… எனக்கும் பிடிச்சிருக்கு, மேடம். ரொம்ப நாளா. கொஞ்சம் இந்தக் கட்டுங்கள அவுத்து விடுங்க, எங்கயும் ஓடிட மாட்டேன்."

நரைத்த டாக்டர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். "ரெண்டு ஆள், ரெண்டு சோதனை, ரெண்டும் சரி. பட்டைய அனுமதிக்கிறோம்." எழுந்துகொண்டே மேனேஜரிடம், "முதல்ல அந்தச் சத்தத்த யாராவது நிறுத்துங்கப்பா," என்றார்.

நிறுத்த முடியவில்லை. வாரை அவிழ்க்க அவள்தான் கிட்டே போயிருந்தாள்.

மறுநாள் காலையும் மழை. அவள் வேண்டுமென்றே பின்வாசல் வழியாக வந்தாள். கொக்கியிலிருந்து நன்றாகவே தள்ளி, பாதுகாப்புக் கோட்டுக்கு வெளியே, நீலக் குடையை விரித்துக்கொண்டு நின்றாள். வெகு உயரத்தில், கண்ணாடிக் கூண்டுக்குள், ஒரு கை அசைந்தது. அந்தக் கைக்குரிய நெஞ்சில் அவளுடைய பட்டை இருந்தது.

"நீலக் குடை… கொஞ்சம் நில்லுங்க."

ஒவ்வொரு மாடியிலிருந்தும் தலைகள் எட்டிப் பார்த்தன. இன்று அவளுக்குக் காது சூடாகவில்லை. சிரிப்பை அடக்கத்தான் பாடாக இருந்தது.

"எங்கம்மாவுக்கு உங்களப் பாக்கணுமாம். கூட்டிட்டு வரட்டுமா?"

கீழிருந்து கத்தினால் கேட்காது. அவள் குடையை மடக்கினாள். அவன் குடையைப் பார்த்தது போதும்… இன்று ஆளைப் பார்க்கட்டும். கொட்டுகிற மழையில் முழுசாக நனைந்தபடி, முகத்தை உயர்த்தி, அவனுக்குத் தெரியும்படி நன்றாகத் தலையை ஆட்டினாள்.

மேலே ஒலிபெருக்கி திறந்தேதான் இருந்தது. பீப் பீப் பீப் என்று அந்தச் சத்தம் கட்டிடம் முழுக்கக் கேட்டது.